பகிர்வுப் படக்காப்பகத்தின் மீத்தரவை எங்கே வைப்பது, எதனோடு இணைப்பது?

#1 பேழைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து பதிவேற்றும் இணையப் படக்காப்பகம் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இப்போது அதில் ஏறத்தாழ 40,000 படங்கள் உள்ளன. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விளக்கப் பக்கம் உண்டு. பதிவேற்றியவர் தமக்குத் தோன்றிய நடையில் எழுதிய ஒரு பத்தியும், அதன் அடியில் சில பகுப்புகளும் அந்தப் பக்கத்தில் இருக்கும். படங்கள் சில நூறாக இருந்த காலத்தில் இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. இப்போது அது மூன்று இடங்களில் முறிந்து நிற்கிறது.

முதலாவது எழுத்துக்கூட்டல். ஈபெல், ஈஃபெல், ஐஃபெல், எய்ஃபல் என்று ஒரே கோபுரம் எங்கள் பக்கங்களில் பல வடிவங்களில் எழுதப்பட்டிருக்கிறது. தேடுபவர் எந்த வடிவத்தைத் தட்டச்சு செய்கிறாரோ, அதே வடிவத்தில் எழுதியவர்களின் படங்கள் மட்டுமே அவருக்குக் கிடைக்கின்றன. இரண்டாவது திருத்தம். ஓர் ஓவியத்தின் காலத்தைத் தவறாகக் குறித்துவிட்டோம். அதைச் சரிசெய்வதற்கு அந்த ஓவியத்தின் 60 படங்களுடைய பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருந்தது, அப்படியும் நான்கு விடுபட்டுப்போயின. மூன்றாவது உரிமம். "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பெயர் குறிப்பிட்டால் மகிழ்வேன்" என்று ஒருவர் எழுதியிருப்பதை மனிதர் புரிந்துகொள்வார், ஆனால் எந்த நிரலாலும் அதை உரிமமாகப் படித்துக்கொள்ள இயலாது.

ஆகவே உரைநடையில் சிதறிக் கிடக்கும் மீத்தரவை, அதாவது படத்தைப் பற்றிய செய்திகளை, நிரல்களும் படிக்கக்கூடிய கட்டமைக்கப்பட்ட தரவாக மாற்ற விரும்புகிறோம். அதைப் படக்கோப்புக்குள்ளேயே எழுதி வைப்பதா, எங்கள் தரவுத்தளத்தில் தனி அட்டவணைகளாக வைப்பதா, அல்லது விக்கித்தரவு போன்ற பொது அறிவுத்தளத்தின் அடையாள எண்களோடு இணைப்பதா என்பதில் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் எங்கே இடறினீர்கள் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

#2 ஒளிநறுக்கு

நான் படம் எடுப்பவன். காப்பகம் நடத்துபவன் அல்லன். எடுப்பவன் பக்கத்திலிருந்து பார்த்தால் விடை எளியது. தரவைக் கோப்புக்குள்ளேயே எழுதி வையுங்கள். அதற்கான வழிமுறைகள் நெடுங்காலமாக உள்ளன: செய்தி நிறுவனங்களுக்காக ஐபிடிசி அமைப்பு வகுத்த ஐஐஎம் வடிவம் 1991இலும், கேமராக்கள் தாமாகவே எழுதும் எக்சிஃப் 1995இலும், அடோபி நிறுவனத்தின் எக்ஸ்எம்பி 2001இலும் வந்துவிட்டன. இந்தப் புலங்களைப் படிக்கவும் எழுதவும் உதவும் எக்சிஃப்டூல் என்ற நிரல் ஒன்று கையில் இருந்தால் ஆயிரம் படங்களுக்கு ஒரே கட்டளையில் பெயரும் உரிமமும் எழுதிவிடலாம்.

நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகள் நான் படங்களைப் பதிவேற்றி வந்த ஒரு தளம் ஒருநாள் மூடப்பட்டது. படங்களைத் தரவிறக்கிக்கொள்ளச் சில வாரங்கள் அவகாசம் கொடுத்தார்கள். அந்தத் தளத்தின் பெட்டிகளில் நான் உட்கார்ந்து எழுதிய தலைப்புகளும் விளக்கங்களும் குறிச்சொற்களும் தரவிறக்கத்தில் வரவில்லை. கோப்புக்குள் எழுதியிருந்தவை மட்டும் என்னோடு வந்தன. தளம் போகும், தரவுத்தளம் போகும், கோப்பு மட்டும் ஏதோ ஒரு வட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

#3 அட்டவணை

ஒளிநறுக்கு அவர்களின் அனுபவத்தை மறுக்க வழியில்லை. ஆயினும் கோப்புக்குள் எழுதுவதை ஒரே வழியாகக் கொள்வதில் உள்ள இடர்ப்பாடுகளையும் பேழைக்காரர் அறிந்திருக்க வேண்டும்.

பழைய வடிவங்களின் புலங்கள் நம் எழுத்தை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை அல்ல. ஐஐஎம் வடிவத்தில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்டுகள், விளக்கத்துக்கு 2,000 பைட்டுகள் என்பதே உச்சவரம்பு. எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியுருவுக்கும் 3 பைட்டுகள் தேவை. உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியே கணக்கில் வரும். "கோபுரம்" என்ற ஒரு சொல்லே 7 குறியுருக்கள், அதாவது 21 பைட்டுகள். மூன்று சொற்கள் கொண்ட ஒரு பெயர் 64ஐத் தாண்டி நடுவில் வெட்டுப்படும்; வெட்டு குறியுருவின் நடுவில் விழுந்தால் கடைசி எழுத்து குப்பையாகும். எக்சிஃப் வடிவத்தில் விளக்கம், படைத்தவர், உரிமை ஆகிய புலங்கள் ஆஸ்கி எனப்படும் அடிப்படை ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. யுடிஎஃப்-8 முறையாக இடம்பெற்றது 2023இல் வந்த 3.0 பதிப்பில்தான். எடுத்த நேரத்தோடு நேர மண்டலத்தைக் குறிக்கும் புலமே 2016இன் 2.31 பதிப்பில்தான் சேர்ந்தது. எனவே பழைய படங்களில் "காலை 6 மணி" என்று இருப்பது எந்த ஊர்க் காலை என்று கோப்பைப் பார்த்து அறிய முடியாது.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. காப்பகங்கள் ஒரே கோப்பு இருமுறை ஏறுவதைத் தடுக்க எஸ்ஹெச்ஏ-1 போன்ற சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டு வைக்கின்றன. கோப்புக்குள் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அந்தத் தொகை முற்றிலும் மாறிவிடும். படப்புள்ளி ஒன்றுகூட மாறாதபோதும், இயந்திரத்தின் பார்வையில் அது புதிய கோப்பு. ஒவ்வொரு விளக்கத் திருத்தத்துக்கும் 20 மெகாபைட் கோப்பின் புதிய பதிப்பைச் சேமிக்கத் தாங்கள் அணியமா என்று யோசித்துப் பாருங்கள். பலர் ஒரே படத்தைத் திருத்தும் பகிர்வுக் காப்பகத்தில் இது நடவாது.

#4 ஒளிநறுக்கு

எக்ஸ்எம்பி முழுவதும் யுடிஎஃப்-8 என்பதையும், அதில் ஒரே விளக்கத்தைப் பல மொழிகளில் மொழிக்குறியோடு எழுத இடமுண்டு என்பதையும் அட்டவணை அவர்கள் விட்டுவிட்டார். சரிபார்ப்புத் தொகை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அந்தக் கோணத்தில் நான் எண்ணிப் பார்த்ததில்லை. அப்படியானால் மூலக்கோப்பைத் தொடாதீர்கள், தரவிறக்கம் செய்யப்படும் நகலிலாவது படைத்தவர் பெயர், உரிமம், மூலப்பக்கத்தின் முகவரி, காப்பக எண் ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள். வெளியே போகும் படம் அநாதையாகப் போகக் கூடாது.

#5 தரவுத்தறி

பேழைக்காரர் சொன்ன மூன்று முறிவுகளையும், விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் வழங்கும் கட்டற்ற ஊடகக் காப்பகமான விக்கிமீடியா பொதுவகம் மிகப் பெரிய அளவில் சந்தித்திருக்கிறது. அவர்கள் சென்ற பாதையைப் பார்ப்பது பயன் தரும்.

2004 செப்டம்பரில் தொடங்கிய அந்தக் காப்பகம் பல்லாண்டுகள் விளக்கப் பக்கத்தில் வார்ப்புருக்கள் எனப்படும் ஆயத்தப் படிவங்களையும் பகுப்புகளையும் மட்டுமே நம்பியிருந்தது. வார்ப்புருவில் "படைத்தவர்", "தேதி" என்று பெட்டிகள் இருந்தாலும், பெட்டிக்குள் இருப்பது மனிதர் எழுதிய தொடர்தான். 2012 அக்டோபரில் விக்கித்தரவு தொடங்கியபின், அங்கே உருப்படி எனப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் கியூ என்ற எழுத்தோடு தொடங்கும் ஓர் எண்ணும், ஒவ்வொரு பண்புக்கும் பி என்ற எழுத்தோடு தொடங்கும் ஓர் எண்ணும் கிடைத்தன. ஸ்லோன் அறக்கட்டளையின் நிதியுதவியோடு 2017இல் தொடங்கிய பணியின் பயனாக, 2019 சனவரியில் பன்மொழித் தலைப்புரைகளும், அதே ஆண்டு ஏப்ரலில் "சித்திரிப்பது" என்னும் பி180 பண்பும் பொதுவகத்தின் கோப்புகளுக்கு வந்தன.

சேமிப்பு முறை கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு கோப்புப் பக்கத்துக்கும் எம் என்ற எழுத்தோடு, அந்தப் பக்கத்தின் உள்ளக எண் சேர்ந்து ஓர் அடையாள எண் ஆகிறது. கோப்பின் பெயரை மாற்றினாலும் அந்த எண் மாறாது. பக்கத்தின் ஒரே திருத்தப் பதிப்புக்குள், வழக்கமான விக்கியுரை ஓர் அறையிலும் கட்டமைக்கப்பட்ட தரவு, நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் என்ற உரை வடிவில் மற்றோர் அறையிலும் இருக்கின்றன. வரலாறு ஒன்று, அறைகள் இரண்டு. யார் எதை எப்போது மாற்றினார் என்பதை இரண்டு இடங்களில் தேட வேண்டியதில்லை. பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு: விக்கித்தரவின் "படிமம்" என்னும் பி18 பண்பு, கோப்பின் பெயரையே சேமிக்கிறது. அதனால் கோப்புப் பெயர் மாறும்போதெல்லாம் தானியங்கிகள் பின்னாலேயே ஓடிச் சரிசெய்கின்றன.

இனி எழுத்துக்கூட்டல். ஈஃபெல் கோபுரம் கியூ243. தங்கள் 40,000 படங்களில் அக்கோபுரம் உள்ளவற்றுக்கெல்லாம் "பி180 = கியூ243" என்று ஒரு கூற்று இருந்தால் போதும். தமிழில் எத்தனை வடிவங்கள் வழங்குகின்றனவோ அத்தனையையும் அந்த உருப்படியின் மாற்றுப்பெயர்களாக ஒருமுறை சேர்த்துவிட்டால், தேடுபவரின் சொல் முதலில் எண்ணைக் கண்டுபிடிக்கும், எண் படங்களைக் கண்டுபிடிக்கும். பொதுவகத்தின் ஊடகத் தேடல் இப்படித்தான் இயங்குகிறது. பிரெஞ்சில் விவரிக்கப்பட்ட படத்தைத் தமிழில் தேடி எடுக்க முடிவது இதனால்தான்.

ஒரு சிறு எச்சரிக்கை. பொதுவகத்தில் கட்டமைக்கப்பட்ட தரவு முழுவதும், தலைப்புரைகள் உட்பட, சிசி0 என்னும் உரிமைத் துறப்பின்கீழ் வெளியாகிறது; விளக்கப் பக்கத்தின் உரைநடையோ பெயர் குறிப்பிடல், அதே உரிமத்தில் பகிர்தல் என்னும் நிபந்தனைகளைக் கொண்டது. எனவே ஒருவர் எழுதிய அழகான பத்தியை அப்படியே தலைப்புரைப் பெட்டிக்கு நகர்த்துவது முறையாகாது. தங்கள் காப்பகத்திலும் விளக்கங்கள் எந்த நிபந்தனையில் எழுதப்பட்டன என்பதை முதலில் பாருங்கள்.

#6 பகுப்பாளி

எண்களைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு, பகுப்புகளுக்காகவும் யாராவது பேச வேண்டும்.

பகுப்பு என்பது தேடலுக்கு மட்டும் உரிய கருவி அன்று. அது உலாவுவதற்குரிய பாதை. தமக்கு என்ன வேண்டும் என்று அறியாமல் வருபவர், "பாலங்கள்" என்ற பகுப்பிலிருந்து "தொங்கு பாலங்கள்" சென்று, அங்கிருந்து ஒரு குறிப்பிட்ட பாலத்தின் "கட்டுமானக் காலப் படங்கள்" வரை இறங்கிச் செல்கிறார். அந்தக் கடைசிப் பகுப்பைக் கட்டியவர் ஒரு தொகுப்பாளர். எந்தப் படங்கள் ஒன்றாக நிற்க வேண்டும் என்ற அவருடைய தீர்ப்பு அதில் இருக்கிறது. "சித்திரிப்பது: பாலம்" என்று 900 படங்களுக்கு ஒட்டப்பட்ட சீட்டில் அந்தத் தீர்ப்பு இல்லை.

பகுப்பின் குறைகளையும் நான் அறிவேன். ஒரு பகுப்பின் பெயர் ஒரே மொழியில்தான் இருக்க முடியும். இரண்டு பண்புகள் சந்திக்கும் இடத்துக்கெல்லாம் புதிய பகுப்பு ஒன்றைக் கையால் உண்டாக்க வேண்டியிருக்கிறது. நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெண்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் என்பது போன்ற நீண்ட பெயர்கள் பிறப்பது அதனால்தான். ஆயினும் பத்தாண்டு உழைப்பை ஒரே இரவில் கலைத்துவிட்டு எண்களை ஒட்டச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. பகுப்பு மரத்தைக் கலைக்காமல், ஒவ்வொரு பகுப்புக்கும் அதற்குரிய கியூ எண்ணை மட்டும் முதலில் இணையுங்கள். சில நூறு பகுப்புகளை இணைத்தாலே, பல்லாயிரம் படங்களுக்கான முதல் வரைவுக் கூற்றுகள் தாமாக வந்துவிடும்.

#7 நூலடுக்கு

பகுப்பாளியின் கடைசி யோசனை நன்று. ஆனால் அதைச் செயல்படுத்துமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். பேழைக்காரரின் 60 பக்கத் திருத்தத்துக்குக் காரணமே அந்தக் குழப்பம்தான். நூலகத்தில் பணியாற்றுபவள் என்பதால் இதில் சற்றுப் பிடிவாதமாகவே பேசுகிறேன்.

மோனா லிசாவின் படம் ஒன்று தங்கள் காப்பகத்தில் இருப்பதாகக் கொள்வோம். "படைத்தவர்" என்ற பெட்டியில் யார் பெயரை எழுதுவீர்கள்? லியொனார்டோ டா வின்சியா, படம் எடுத்தவரா, பழைய நூல் ஒன்றிலிருந்து அதை ஸ்கேன் செய்தவரா? "தேதி" 16ஆம் நூற்றாண்டின் தொடக்கமா, 2011ஆம் ஆண்டா? "அளவு" 77 சென்டிமீட்டருக்கு 53 சென்டிமீட்டரா, 7,000 படப்புள்ளிக்கு 5,000 படப்புள்ளியா? இவை அனைத்தும் உண்மையான விடைகள். ஆனால் வெவ்வேறு பொருள்களைப் பற்றியவை. ஓவியம் ஒன்று, அதை எடுத்த நிழற்படம் ஒன்று, அந்த நிழற்படத்தைத் தாங்கும் கோப்பு ஒன்று. மூன்றுக்கும் ஒரே படிவத்தில் ஒரே பெட்டியைக் கொடுத்ததால், ஒவ்வொரு பதிவேற்றியவரும் தமக்குத் தெரிந்த ஒன்றை எழுதிச் சென்றிருக்கிறார்.

ஓவியத்தின் காலம், ஓவியர், அது இருக்கும் லூவர் அருங்காட்சியகம், மரப்பலகையில் எண்ணெய் வண்ணம் என்ற செய்தி ஆகியவை ஓவியத்துக்கு உரியவை. அவை கியூ12418 என்னும் உருப்படியில் ஒரே ஒரு முறை இருந்தால் போதும். தங்கள் காப்பகத்தில் அந்த எண் மட்டும் இருக்கட்டும். நிழற்படம் எடுத்தவர், எடுத்த நாள், எடுத்த இடம், உரிமம் ஆகியவை தங்கள் காப்பகத்துக்கு உரியவை. இவற்றை வேறு எங்கும் தேட முடியாது என்பதால் தங்கள் உழைப்பு முழுவதும் இவற்றுக்கே செல்ல வேண்டும். அகலம், உயரம், பைட் அளவு, சரிபார்ப்புத் தொகை ஆகியவற்றை இயந்திரம் தானே அளந்து எழுதட்டும். மனிதர் தொடவே கூடாது.

பொதுவகமும் இந்த வேறுபாட்டைப் பேணுகிறது. ஓவியத்தை நேர்முகமாக, சட்டம் இன்றி, உள்ளது உள்ளபடி எடுத்த படத்துக்கு "இதன் எண்ணிம உருவம்" என்னும் பி6243 பண்பு உண்டு. ஓவியத்தின் முன் கூட்டம் நிற்கும் படத்துக்குச் "சித்திரிப்பது" மட்டுமே பொருந்தும். உரிமத்திலும் இது எதிரொலிக்கிறது. காப்புரிமை நீங்கிய தட்டையான ஓவியத்தின் துல்லியமான நகற்படத்துக்குப் புதிய காப்புரிமை எழாது என்று 1999இல் பிரிட்ஜ்மேன் எதிர் கோரல் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஒரு சிலையைப் படம் எடுத்தால் கோணமும் ஒளியும் எடுப்பவரின் தேர்வு. அங்கே சிற்பியின் உரிமை, படம் எடுத்தவரின் உரிமை என்று இரண்டு கூற்றுகள் தேவை. ஒற்றை உரிமப் பெட்டியில் இதை எழுத இடமில்லை.

#8 வினாக்குறி

இந்தத் துறைக்கு நான் புதியவன், பிழையாகக் கேட்டால் பொறுத்தருள்க. ஓவியத்தின் செய்திகளை வெளியே வைத்துவிட்டு எண்ணை மட்டும் நாம் வைத்துக்கொண்டால், வெளியே ஒருவர் குறும்பாக ஓவியர் பெயரை மாற்றினால் நம் காப்பகத்திலும் அது தோன்றுமே? அந்த உருப்படியை நீக்கிவிட்டால் நம்மிடம் வெறும் எண்தானே மிஞ்சும்? இன்னொன்று: எங்களைப் போன்ற பங்களிப்பாளர்களுக்கு விக்கித்தரவில் உருப்படி கிடையாது. படைத்தவர் என்ற இடத்தில் எந்த எண்ணை எழுதுவது?

#9 தரவுத்தறி

பிழையான கேள்விகள் அல்ல. இணைப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டியவை.

இரண்டு உருப்படிகள் ஒரே பொருளைக் குறிப்பதாகக் கண்டால் விக்கித்தரவில் ஒன்றாக்குவார்கள். கைவிடப்பட்ட எண் மற்றதற்கு வழிமாற்றாக நிற்கும் என்பதால் தங்கள் இணைப்பு அறுந்துபோகாது. ஆயினும் மாதம் ஒருமுறை வழிமாற்றுகளைச் சரிபார்த்துப் புதிய எண்ணுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. உருப்படி நீக்கப்படுவது வேறு. அதற்காகத்தான், இணைக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் அந்நேரத்துப் பெயரையும் ஒருவரிக் குறிப்பையும் எடுத்த நாளையும் தங்கள் பக்கத்தில் ஓர் உள்ளூர் நகலாக வைத்துக்கொள்ள வேண்டும். காட்சிப்படுத்தல் எப்போதும் அந்த நகலிலிருந்தே நடக்கட்டும். புதுப்பிக்கும்போது வேறுபாடு தெரிந்தால் அது நேரே பக்கத்தில் தோன்றாமல், ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரிசையில் நிற்கட்டும். குறும்புத் திருத்தங்கள் பெரும்பாலும் விரைவில் மீளமைக்கப்பட்டுவிடும் என்பதால், சில நாள் தாமதமே ஒரு வடிகட்டியாகிவிடும்.

பங்களிப்பாளர்களுக்கு உருப்படி உண்டாக்க வேண்டாம். அங்கே எல்லாருக்கும் இடமில்லை என்பது ஒருபுறம் இருக்க, ஒருவர் தம்மைப் பற்றிய பொதுத் தரவுப் பக்கத்தை விரும்பாமல் இருக்கலாம். பொதுவகத்தில் படைத்தவர் பண்புக்கு "மதிப்பு உண்டு, ஆனால் உருப்படி இல்லை" என்று பொருள்படும் சிறப்பு மதிப்பைக் கொடுத்து, அதனடியில் பெயரை எழுத்தாகவும் பயனர் கணக்கையும் துணைக்கூற்றுகளாக, அதாவது முதன்மைக் கூற்றை விளக்கும் கூடுதல் குறிப்புகளாக, சேர்க்கிறார்கள். யாரென்றே தெரியாதவர், பெயர் தெரிந்தும் எண் இல்லாதவர், படைத்தவர் என்று எவரும் இல்லாத தானியங்கிக் கேமரா என்ற மூன்றும் வெவ்வேறு நிலைகள். வெற்றுப்பெட்டி இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடும்.

#10 அட்டவணை

பேழைக்காரர் ஒரு வரைவு கேட்பார் என்று எண்ணி எழுதுகிறேன். பண்புக்கு ஒரு நெடுவரிசை என்று அட்டவணை அமைத்தால் ஆறு மாதத்தில் 70 நெடுவரிசைகள் ஆகி, முக்கால்வாசி வெறுமையாகக் கிடக்கும். அதற்குப் பதிலாகக் கூற்றுக்கு ஒரு வரி என்று அமையுங்கள்: கூற்றின் எண், படத்தின் எண், பண்பு, மதிப்பு, மதிப்பின் வகை, தரநிலை, சொன்னவர், சான்று, சேர்த்த நேரம். துணைக்கூற்றுகள் தனி அட்டவணையில், கூற்றின் எண்ணைச் சுட்டி நிற்கும். ஒரு படத்துக்கு எத்தனை சித்திரிப்புகள் இருந்தாலும் இடர் இல்லை. தவறென்று தெரிந்த கூற்றை அழிக்காமல் தரநிலையைத் தாழ்த்தி, காரணத்தோடு வைத்திருக்கலாம். அழித்தால் அதே தவற்றை அடுத்த ஆண்டு இன்னொருவர் நல்ல எண்ணத்தோடு மீண்டும் சேர்ப்பார்.

தேதிக்குத் தரவுத்தளத்தின் வழக்கமான தேதி வகையைப் பயன்படுத்தாதீர்கள். "1890 வாக்கில்" என்பதை அந்த வகை ஏற்காது, உடனே யாரோ ஒருவர் 1890 சனவரி 1 என்று எழுதிவிடுவார். பிறகு உங்கள் காப்பகத்தில் உலகத்துப் பழைய படங்கள் எல்லாம் சனவரி முதல் நாளில் எடுக்கப்பட்டவையாகக் காட்சியளிக்கும். நான் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பிறகு அதே பிழை என் அட்டவணையிலேயே இருந்ததைக் கண்டு சிரிப்பை நிறுத்தினேன். விக்கித்தரவு தேதியோடு துல்லிய எண்ணையும் சேமிக்கிறது: 11 என்றால் நாள், 10 மாதம், 9 ஆண்டு, 8 பத்தாண்டு, 7 நூற்றாண்டு. "ஏறத்தாழ" என்பது துணைக்கூற்றாக வரும்.

இடத்திலும் இரண்டு புள்ளிகள் உண்டு. கேமரா நின்ற இடம் வேறு, படத்தில் உள்ள பொருள் நிற்கும் இடம் வேறு. பொதுவகம் முன்னதற்கு பி1259 என்னும் தனிப் பண்பை வைத்திருக்கிறது. மலையைத் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் இரண்டுக்கும் இடையே பல கிலோமீட்டர் இருக்கலாம். எக்சிஃப் வழக்கமாகத் தருவது கேமராவின் புள்ளி, அதுவும் சில வேளைகளில் எடுத்தவரின் வீடு. தானாக வெளியிடுமுன் கேளுங்கள்.

#11 பகுப்பாளி

தரவுத்தறி அவர்களிடம் ஒரு நடைமுறைக் கேள்வி. கோல்டன் கேட் பாலத்தின் படத்தில் அந்தப் பாலத்தை மட்டும் குறிப்பதா, "தொங்கு பாலம்", "பாலம்" என்பவற்றையும் சேர்ப்பதா? பொதுவகத்தில் இதன்மேல் நடந்த வாதங்களை நான் படித்திருக்கிறேன். கூற்றுவழித் தேடல் கேட்ட எண்ணை மட்டுமே பார்க்கும். "பாலம்" என்று தேடினால், குறிப்பிட்ட பாலத்தின் பெயரால் மட்டும் குறிக்கப்பட்ட படம் வராது. அதற்காக எல்லாப் படிநிலைகளையும் ஒட்டினால், பகுப்பு மரத்தையே படத்துக்குப் படம் நகலெடுத்ததாகிவிடும். இயந்திரம் பரிந்துரைத்த குறிகளை ஏற்றபோது "வானம்", "நீர்", "மரம்" என்று மிகப் பொதுவான சொற்களே குவிந்ததாக அங்குப் பங்களிப்பாளர்கள் குறைபட்டுக்கொண்டதும் இதனோடு தொடர்புடையதே.

#12 தரவுத்தறி

சேமிப்பில் மிகக் குறிப்பான எண் மட்டும். விரிவாக்கம் தேடலின் வேலை. பொதுவகத்தின் வினவல் சேவையில் ஸ்பார்க்கிள் என்னும் வினவல் மொழியில் எழுதினால், விக்கித்தரவின் பி31 (இன்ன வகையைச் சேர்ந்தது), பி279 (இன்ன வகையின் உள்வகை) பண்புகள் வழியே படியேறிக் "பாலம்" வரை சென்று அதன் கீழுள்ள எல்லாவற்றையும் எடுக்க முடியும். 40,000 படங்களே உள்ள தங்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு: பயன்படுத்தப்பட்ட எண்களுக்கு மட்டும் மேற்படிகளை இரவில் ஒருமுறை கணக்கிட்டுத் தேடல் அட்டவணையில் சேர்த்துவிடுங்கள். ஆனால் நான்கைந்து படிகளுக்குமேல் ஏறவிடாதீர்கள்; அதற்குமேல் பாலமும் பறவையும் ஒரே "பொருள்" ஆகிவிடும். படத்தில் தலைமையாக உள்ளதை முதன்மைத் தரநிலையால் குறித்தால், ஓரத்தில் தெரியும் மரத்துக்காக அந்தப் படம் முதலில் வந்து நிற்காது.

#13 பேழைக்காரர்

அனைவருக்கும் நன்றி. சொன்னவற்றைக் கொண்டு 200 படங்களில் ஒரு முன்னோட்டம் செய்து பார்த்தோம்.

பகுப்பாளி சொன்னபடி பகுப்புகளுக்கு எண் இணைத்ததில் தொடங்கினோம். தரவைச் சீர்செய்யும் ஓபன்ரிஃபைன் கருவியில் பெயர்களைக் கொடுத்து எண்களோடு பொருத்தியபோது பெரும்பகுதி விரைவில் முடிந்தது. ஒரே பெயருடைய ஆறும் ஊரும் மாறிப் பொருந்தியதைக் கண்டு, ஒவ்வொரு பொருத்தத்தையும் ஒரு மனிதர் பார்த்த பிறகே ஏற்பது என்று முடிவு செய்தோம். நூலடுக்கு அம்மையார் சொன்ன பிரிவைப் பதிவேற்றப் படிவத்திலேயே கொண்டுவந்துவிட்டோம். முதல் கேள்வி இப்போது, "நீங்கள் எடுத்தது ஒரு படைப்பின் நகலையா, ஒரு காட்சியையா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை வந்தபின் தோன்றும் பெட்டிகள் வேறு வேறாக இருப்பதால், ஓவியரின் பெயரைப் படம் எடுத்தவர் இடத்தில் எழுதும் வழக்கம் முன்னோட்டத்தில் நின்றுவிட்டது. ஒளிநறுக்கு கேட்ட நான்கு புலங்களையும் தரவிறக்க நகலில் எக்ஸ்எம்பியாக எழுதுகிறோம், மூலக்கோப்பு தொடப்படுவதில்லை. கூற்றுகள் முழுவதையும் வாரம் ஒருமுறை ஜேசன் வடிவில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்போகிறோம்.

எதிர்பாராத இடத்தில் நேரம் போனது உரிமத்தில். 200 படங்களில் 31க்கு உரிமத்தைக் கூற்றாக எழுத முடியவில்லை, ஏனெனில் எடுத்தவர் சொன்ன தொடர் எந்த உரிமத்துக்கும் முழுமையாகப் பொருந்தவில்லை. நாங்களாக ஒன்றைத் தேர்ந்து எழுதுவது அவர் சார்பில் கையெழுத்திடுவது போலாகும் என்பதால், அவர் எழுதிய தொடரை அப்படியே மேற்கோளாக வைத்து, "உரிமம் தெளிவுபடுத்தப்பட வேண்டியது" என்று குறித்து, அவர்களுக்கு மடல் எழுதி வருகிறோம். இதுவரை 12 பேர் விடை அளித்திருக்கிறார்கள்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஈஃபெல் கோபுரம் காப்புரிமை நீங்கியது, ஆனால் 1985இல் அமைத்த இரவு விளக்கு அலங்காரத்துக்குத் தனி உரிமை கோரப்படுகிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். எங்கள் இரவுப் படங்களில் எல்லாம் "சித்திரிப்பது: கியூ243" என்று மட்டுமே இருக்கிறது. இதை எப்படி எழுதுவது?

#14 நூலடுக்கு

விளக்கு அலங்காரம் கோபுரத்திலிருந்து வேறான ஒரு படைப்பு என்பதே அந்தக் கோரிக்கையின் அடிப்படை. எனவே அதைத் தனிச் சித்திரிப்பாகச் சேர்த்து, உரிமக் கூற்றுக்கு "எந்தப் பகுதிக்குப் பொருந்தும்" என்ற துணைக்கூற்றைக் கொடுங்கள்: படம் எடுத்தவரின் உரிமம் ஒன்று, விளக்கு அலங்காரத்தின் நிலை ஒன்று. பகலில் எடுத்தவற்றுக்கு இரண்டாவது தேவையில்லை. எவை இரவுப் படங்கள் என்பதை எக்சிஃப் நேரத்தைக் கொண்டு பிரிக்கலாம் என்று யாரேனும் சொல்வார்கள். நேர மண்டலம் பற்றி அட்டவணை எழுதியதை ஒருமுறை படித்துவிட்டு, கண்ணால் பார்த்தே பிரியுங்கள்.

#15 பேழைக்காரர்

கண்ணால்தான் பார்த்தோம். மொத்தம் 46 இரவுப் படங்கள். அவற்றுள் ஒன்பதில் எக்சிஃப் நேரம் பிற்பகல் 2 மணி.